முதலில் கண்ணாடியைக் கழுவு

மதுரை

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. நீ கண்ணாடி விஷயம் சொன்னபோதே போனில் விவரமாகப் பேசியிருப்பேன். நீதான் "ஸ்கூல் வேன் வந்திருச்சுப்பா" என்று வைத்துவிட்டாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை யாரும் நடுவில் வைக்க முடியாது, பார்.

புதுக் கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாக இருக்கிறது, பரீட்சைத் தாளில் ஒரு கட்டு திருத்துவதற்குள் நெற்றி வலிக்கிறது, பவரைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்றாய். இருக்கலாம். ஆனால் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் பக்கமாகக் கையை நீட்டிப் பிடித்து, கொஞ்சம் சாய்த்துப் பார். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது மேஜை மேல் கிடந்ததை நான் எடுத்துப் பார்த்தேன். வலது லென்ஸில் பெருவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. கீழ் ஓரத்தில் கன்னத்துக் கிரீம். மேல் விளிம்பில் விபூதி. அதைப் போட்டுக்கொண்டுதான் நீ பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறாய்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பாப்பா. லென்ஸ் நம் கண்ணிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அவ்வளவு கிட்டே இருப்பதைக் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. அதனால் லென்ஸில் இருக்கும் பிசுக்கு பிசுக்காகத் தெரிவதே இல்லை. அது வெளிச்சத்தை நேரே விடாமல் சிதறடிக்கும். தாள் வெளுத்துத் தெரியும், மை மங்கித் தெரியும், ராத்திரி எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நாமோ பல்பைக் குறை சொல்வோம், அச்சைக் குறை சொல்வோம், கடைசியில் வயதைக் குறை சொல்வோம். மூக்கு மேல் இருப்பதை மட்டும் சந்தேகப்பட மாட்டோம்.

இத்தனை வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன், அதாவது அச்சுப்பிழை திருத்தியவன் என்பதால் இது எனக்கு அத்துபடி. பார்வை மங்கினால் தமிழில் முதலில் தொலைவது புள்ளிதான். பொடி எழுத்தில் 'பட்டம்' என்பதில் புள்ளி விழாமல் 'படடம்' என்று இருந்தாலும், பழகின கண் தானாகப் புள்ளி வைத்துப் படித்துக்கொண்டு போய்விடும். அடுத்தது ரகரமும் துணைக்காலும், ஒன்று இன்னொன்றாகத் தெரியும். அச்சில் அடித்த தாளுக்கே இந்தக் கதி என்றால், பிள்ளைகள் பேனாவால் கிறுக்கின தாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தக் காலத்தில் ஃபாரம், அதாவது அச்சுக்குக் கோத்த பக்கங்கள், அடித்து முடித்ததும் ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவுவார்கள். அதே துணியால் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்ட, எழுத்துக் கோக்கும் கம்பாஸிட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அப்போது செல்லுபடியானது, ஏனென்றால் அது நிஜக் கண்ணாடி. உன்னுடையது பேருக்குத்தான் கண்ணாடி, உள்ளபடி பிளாஸ்டிக். எடை ஏறக்குறையப் பாதி, கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. எல்லாம் சரி, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். அதனால் மேலே கீறல் தாங்குவதற்கு ஒரு பூச்சு, அதற்கும் மேலே வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல் இருக்க இன்னொரு பூச்சு. பூச்சு இல்லாத லென்ஸின் ஒவ்வொரு பக்கமும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தால் 8. நல்ல பூச்சு போட்டால் அது 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். சாய்த்துப் பிடித்தால் பச்சையாகவோ நீலமாகவோ மினுங்குகிறதே, அதுதான் அந்தப் பூச்சு. தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட அது இருக்காது. கைரேகை பட்டால் சாதாரண லென்ஸைவிட இதில்தான் அதிகமாகப் பளிச்சிடும். கூடக் காசு கொடுத்துப் பூச்சு போட்டுவிட்டு, அதன் மேல் எண்ணெய்க் கையை வைத்தால் காசும் போச்சு, பூச்சின் பலனும் போச்சு.

நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். வாயால் 'ஹா' என்று ஊதி, துப்பட்டா நுனியால் வட்டமாகத் துடைக்கிறாய். ஆடிக் காற்றில் இங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மேஜையில் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. சென்னையில் கடற்கரைக் காற்று இருக்கிறது. அந்தத் தூசியில் மணல் துகள் இருக்கும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது கண்ணாடியையே கீறும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்? வாயால் ஊதின ஈரம் அந்தத் துகளை நகர்த்தக்கூடப் போதாது. துணியை அழுத்தி இழுத்தால் அது லென்ஸ் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே வரும். விபூதியும் அப்படித்தான். சாணச் சாம்பலில் மணல்சத்து உண்டு. நெற்றிக்கு இட்டுக்கொள்ளும்போது கண்ணாடியைக் கழற்றி வை. சுவாமி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதனால் துடைக்காதே, கழுவு. எப்படி என்று சொல்கிறேன், காலையில் பல் தேய்த்த கையோடு செய்துவிடலாம்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் இரண்டு தடவை கழுவு. குழாயை மெதுவாகத் திறந்து, தண்ணீர் லென்ஸின் இரண்டு பக்கமும் ஓடும்படி பிடி. தூசி அதிலேயே போய்விடும். விரலால் தொடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பாத்திரம் கழுவும் லிக்விடில் ஒரு சொட்டு போதும். குளியல் சோப்பு வேண்டாம். கை மிருதுவாக இருக்க அதில் எண்ணெய்ப் பசை சேர்த்திருப்பார்கள், அதுவே லென்ஸில் படலமாக நிற்கும். பாத்திரம் தேய்க்கும் பொடி, நார், ஸ்க்ரப்பர் எதுவும் கிட்டே வரக் கூடாது. விரல் நுனியால் லென்ஸின் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய். லென்ஸும் ஃபிரேமும் சேரும் இடுக்கில்தான் அழுக்கு குடியிருக்கும், அங்கே விரலை ஓட்டு. காதுக்குப் பின்னால் போகும் காம்பு, மூக்கில் உட்காரும் பேட் எல்லாவற்றையும் தேய். அப்புறம் சோப்புப் போகும்வரை தண்ணீரில் காட்டு.

கடைசித் தண்ணீர் முக்கியம். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும், உப்பு. மதுரையானாலும் மடிப்பாக்கமானாலும் அதில் மாற்றமில்லை. குடிக்கிற தண்ணீரை அரை டம்ளர் எடுத்து மேலே ஊற்றிவிட்டால் திட்டு விழாது. இரண்டு உதறு உதறி, மிச்ச ஈரத்தைத் துணியால் ஒற்றி எடு. எந்த லென்ஸைத் துடைக்கிறாயோ அந்தப் பக்கத்து ஃபிரேமைப் பிடித்துக்கொள். ஒரு பக்கத்துக் காம்பைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து லென்ஸை அழுத்தினால் நடுவில் முறுக்கு விழும். உன் கண்ணாடி கோணலாக உட்காருவதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். உன் அம்மா கேட்டால் தூங்கும்போதும் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்பாள்.

வெந்நீர் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு மேலே இருக்கும் பூச்சு விரியாது. விளைவு, பூச்சு சிலந்தி வலை மாதிரி நுண்ணியதாக வெடித்துவிடும். அப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் சரியாகாது, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டு மேல் வைப்பது, ஸ்கூட்டி டிக்கியில் போட்டுப் பூட்டுவது எல்லாம் இதில்தான் சேரும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் சில லென்ஸ்கள் அங்கேயே பாழாகும். தலைக்கு டை அடிக்கும்போது கழற்றி வை, ஃபிரேமில் கறை பிடித்தால் போகாது. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் மறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பற்பசையே தேய்த்தெடுக்கிற சரக்கு, இருக்கும் கீறலோடு பத்தைச் சேர்க்கும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியோடு கொடுத்த மைக்ரோஃபைபர் துணி நல்லதுதான். நுண்ணிய இழை என்பதால் எண்ணெயை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கின எண்ணெய் துணியிலேயே இருக்கும் அல்லவா? வாங்கின நாளிலிருந்து நீ அதைத் துவைத்திருக்க மாட்டாய். வாரம் ஒரு தடவை சோப்பில் அலசிக் காயப்போடு. துணி வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனரில் மட்டும் போடாதே, இழை மேல் வழவழப்பு ஏறி லென்ஸில் இழுவும். டிஷ்யூ பேப்பர் வேண்டாம். பாலியெஸ்டர் துப்பட்டா ஈரத்தை வாங்காது, ஜரிகை முந்தானை கீறும். பல தடவை துவைத்த பழைய பருத்தி வேட்டிதான் இதற்கு ஏற்றது, கஞ்சி போடாததாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கடை ஒன்றில் என் லென்ஸைத் தோளில் கிடந்த காய்ந்த துண்டால் துடைத்துக் கொடுத்த பையனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. விற்கிறவர்களுக்கே அந்த அக்கறைதான்.

இன்னொன்று, அந்த மூக்குப் பேட். இது உன் கழுத்துவலிக்கும் சேர்த்து. நீ வாங்கியிருப்பது நடுவில் கோடில்லாத புரோகிரஸிவ் லென்ஸ். மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு. மூக்கு எண்ணெயும் வியர்வையும் பேடில் ஏறினால் கண்ணாடி வழுக்கி இறங்கும். இறங்கினால் படிக்கிற பகுதியும் அதோடு இறங்கிவிடும். அதைத் தேடி நீ தாடையைத் தூக்குவாய், கழுத்து வலிக்கும். கன்னம் உரசுவதும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான். ஆக, எந்த இடம் வழியாகத் தாள் திருத்துகிறாயோ அந்த இடம்தான் எல்லாவற்றையும்விட அழுக்காக இருக்கும். பேட் பொருந்தும் உலோகக் கம்பியில் பச்சை பிடித்திருந்தால் வியர்வை பட்டுச் செம்பு களிம்பேறுகிறது என்று அர்த்தம். பேடை மாற்றித் தரச் சொல், பெரிய செலவில்லை. பெரிய வட்ட ஃபிரேம் வேண்டாம், கன்னத்தில் இடிக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஃபேஷன் என்றாய்.

உன் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிச் சில மாதத்தில், மறுபடியும் மங்குகிறது, புரை திரும்பிவிட்டது என்று ஒரே புலம்பல். உள்ளே வைத்த லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானாக மாறிக்கொள்ளாது என்பதால் படிக்க அவளுக்குக் கண்ணாடி உண்டு. அதை வாங்கிப் பார்த்தால் தாளிப்பு எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கிறது. கழுவிக் கொடுத்தேன், பஞ்சாங்கத்தை எடுத்து ராகுகாலம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இருந்தாலும் டாக்டரிடமும் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஜவ்வு சிலருக்கு மங்குவது உண்டாம். அவளுக்கு அப்படி இல்லை.

உனக்கும் அதையேதான் சொல்கிறேன். கழுவின கண்ணாடியோடு ஒரு வாரம் தாள் திருத்து. புரோகிரஸிவ் பழகவே சிலருக்கு இரண்டு வாரம்வரை ஆகும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பவர் தப்பாக இருக்கலாம், கண்ணாடியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்க்கச் சொல். திடீரென்று ஒரு கண் மட்டும் மங்கினாலோ, மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அப்போது கழுவிக்கொண்டு உட்காராதே. எப்படியும் நாற்பது தாண்டிவிட்டது, ஆண்டுக்கு ஒரு தடவை கண் அழுத்தமும் பார்த்துக்கொள்வது நல்லது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊரில் பிறந்துவிட்டு, அதிலும் மீனாட்சி பெயரை வைத்துக்கொண்டு, கண்ணை அலட்சியம் பண்ணினால் ஊரே சிரிக்கும்.

நான் வாரத்தில் சில நாள் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வருகிறேன். 2023 ஜூலையில் திறந்தார்கள், நீ இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அடுத்த தடவை பேரனையும் கூட்டிக்கொண்டு போகலாம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை பாண்டியனில் கிளம்புகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். இட்லிப் பொடி, மாவடு, அப்புறம் என் பழைய வேட்டியைக் கிழித்து உன் அம்மா ஓரம் தைத்த துணிகள் இருக்கும். துணியை மாவடுவோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாளோ என்னவோ. எண்ணெய் பட்டிருந்தால் முதலில் அலசிவிட்டு உபயோகி. மாப்பிள்ளைக்கும் இரண்டு துணி கொடு, அவர் சட்டை நுனியில் துடைக்கிறவர். கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா