மேற்கே போய்க் கிழக்கே திரும்புங்கள்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நலம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் காரில் ஒரு நாள் சுற்றிவிட்டு வரப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். நல்ல காரியம். கல்யாணமான பிறகு நீங்கள் இருவர் மட்டும் எங்கேயும் போகவே இல்லை என்று அவளுக்கு ஒரு குறை. நீ அனுப்பிய திட்டத்தை எனக்கும் படித்துக் காட்டினாள். காலை ஆறரைக்குக் கிளம்புவது, ஏழு இடங்களைப் பார்ப்பது, நடுவில் முப்பது நிமிடம் சாப்பாடு, இரவு பத்து மணிக்கு வீடு. வங்கிக்குத் தணிக்கை செய்ய வருகிறவர்கள்கூட இவ்வளவு இறுக்கமாக அட்டவணை போட மாட்டார்கள்.

ஏழில் ஐந்தை அடித்துவிடு. இவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வருவதா என்று நீ கேட்பாய். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் 1916-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். காட்சிப் பொருள்களைப் பார்க்கவும் கீழே எழுதியிருப்பதைப் படிக்கவும் ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படம் எடுத்தே காட்டினார். அவர் அதற்கு வைத்த பெயர் அருங்காட்சியகச் சோர்வு. பார்ப்பது உட்கார்ந்த இடத்தில் நடக்கிற வேலை இல்லை, உடம்பு வேலை. மூன்றாவது இடத்தில் நீ பார்ப்பது சுவர். ஐந்தாவது இடத்தில் நீ தேடுவது உட்கார ஒரு திண்ணை. அதோடு, ஏழு இடம் என்றால் வண்டியை நிறுத்த ஏழு முறை இடம் தேட வேண்டும், ஏழு முறை டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டும், ஏழு முறை "கிளம்பலாமா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நீ எந்தத் தொனியில் கேட்பாய் என்பது எனக்குத் தெரியும்.

எந்த இரண்டு இடங்கள் என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். அவள் ஒன்று, நீ ஒன்று. என் பங்குக்கு ஒரே ஒரு யோசனை. முடிந்தால் வீட்டுக்கு மேற்கே இருக்கிற இடமாகப் பாருங்கள். காலையில் மேற்கே போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் கிழக்கே திரும்பும்போதும் அப்படியே. கிழக்கே கிளம்புகிறவர்களுக்குப் போகும்போதும் கண் கூசும், வரும்போதும் கண் கூசும். இரண்டு பேரும் நாள் முழுக்க நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருப்பார்கள், அது கோபமா வெயிலா என்று மற்றவருக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்காதே: உன் முதுகில் இருக்கிற சூரியன் எதிரே வருகிறவரின் கண்ணில் இருக்கிறது. அவருக்கு உன் வண்டி தெரிவது கடினம். முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்.

யார் ஓட்டுவது என்பதை அட்டவணையில் காணவில்லை. முழுக்க நீயே ஓட்டுவதாக முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. மருமகளிடமும் உரிமம் இருக்கிறது. உன்னைவிட நிதானமாக ஓட்டுகிறாள் என்பது என் அபிப்பிராயம். உன் அம்மாவும் இதில் என் கட்சி. காரில் நெடுந்தூரம் போன முதல் ஆள் யாரென்று உனக்குத் தெரியுமா? பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் முன்கூட்டிச் சொல்லாமல், மூத்த பிள்ளைகள் இருவரை ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோல் பங்க் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், துணிக் கறை எடுக்க விற்கும் திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அதன்மேல் தோல் அடித்து வாங்கினார். மேடு வந்த இடங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். போய்ச் சேர்ந்த பிறகு கணவருக்கு ஒரு தந்தி. மேடு ஏற முடியவில்லை என்று அந்த அம்மாள் வந்து சொன்ன பிறகுதான் கார்ல் இன்னொரு கியரைச் சேர்த்தார். அவருடைய தொழிலுக்கு ஆரம்பத்தில் கைகொடுத்ததும் பெர்த்தாவின் சீதனப் பணம்தான். இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், பாதி வழியில் சாவியை மருமகளிடம் கொடு. கொடுத்த பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்காதே.

இனி விளையாட்டு. இதில் நான் அனுபவசாலி, உன் அம்மாவோடு காரில் போய்ப் பழகியவன். உங்கள் வயதுக்காரர்கள் வண்டி நகர்ந்ததும் கைப்பேசியை எடுத்துவிடுகிறீர்கள். பத்து நிமிடத்தில் குமட்டுகிறது. நாம் நகர்கிறோம் என்று உள்காது சொல்கிறது. அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அதை மறுக்கிறது. நடுவில் மூளை திணறுகிறது. ஓட்டுபவருக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக வருவதில்லை, ஏனென்றால் வண்டி எப்போது திரும்பப் போகிறது என்பது அவருக்கு முன்பே தெரியும். காருக்கு ஏற்றவை வாயும் காதும் மட்டும் வேண்டிய விளையாட்டுகள்.

முதலில் சொல் அந்தாதி. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல்ல வேண்டும். குழந்தை விளையாட்டு என்று நினைப்பாய். தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளில் சொல் தொடங்காது என்பது இலக்கணம். நம் சொற்களில் ஏராளமானவை போய் முடிவதோ அந்த எழுத்துகளில்தான். கடல், மான், யாழ், வாள். கடலுக்கு லாரி, லட்டு என்று வெளியிலிருந்து கடன் வாங்கித் தப்பிக்கலாம். வாளுக்கு எங்கே போவது? உன் அம்மா இதை ஆயுதமாகவே வைத்திருக்கிறாள். இருக்கையில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒன்றும் அறியாதவள் போல "நாள்" என்பாள். பிறகு கதவில் விரலால் தட்டி நொடிகளை எண்ண ஆரம்பிப்பாள். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தோம்: அப்படிப்பட்ட எழுத்தில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தில் தொடங்கலாம். நாள் என்றால் எனக்கு நா. நான் "நாவல்" என்பேன். அவளுக்கு வ கிடைக்கும், "வயல்" என்பாள். எனக்கு ய. யமனை விட்டால் வேறு ஆள் இல்லை. அந்தத் திருத்தத்தாலும் பலன் அவளுக்குத்தான்.

இன்னொன்று, இருபது கேள்வி. ஒருவர் மனத்தில் ஒன்றை நினைத்துக்கொள்வார். மற்றவர் ஆம், இல்லை என்ற பதில்களை மட்டும் வைத்து இருபது கேள்விக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இருபது போதாது என்று தோன்றும். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதைச் சரிபாதியாக வெட்டுமானால், இருபது கேள்விகளில் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்துவிடலாம். நீ சிறு வயதில் மூன்றாவது கேள்வியிலேயே "அது யானையா?" என்று கேட்கிற ஆள். மருமகள் எப்படிக் கேட்கிறாள் என்று கவனி. எதை முதலில் விலக்குகிறாள், எதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் தெரியும். வீட்டில் காய்கறி, கரண்ட் பில் என்று பேசுகிற பேச்சில் இது தெரியாது.

வண்டி எண் விளையாட்டு ஒன்று உண்டு, அது ஓட்டாதவருக்கு மட்டும். கண்ணில் படும் வண்டியின் நான்கு இலக்கங்களைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ பத்து கொண்டுவர வேண்டும். 4619 என்றால் ஒன்பதும் ஆறும் பதினைந்து, அதில் நாலும் ஒன்றும் போனால் பத்து. 1111 வந்தால் விட்டுவிடு, நடக்காது. ஓட்டுபவர் இதில் சேர்ந்தால் எண்ணைப் படிக்கிற ஆசையில் முன்வண்டியை நெருங்கிவிடுவார். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குள் 25 மீட்டர் போய்விடுகிறது. பந்தயம் வைப்பதானால் பணம் வேண்டாம், எப்படியும் ஒரே பையிலிருந்துதான் போகும். தோற்றவர் மறுநாள் காரைக் கழுவட்டும்.

சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம் என்று எழுதியிருந்தாயே, அதை ஒன்றரை மணி நேரம் ஆக்கு. பெயர்ப்பலகையின் அளவைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்காதே. மேசைகள் காலியாகிக் காலியாகி நிறைகின்றனவா என்று பார். சீக்கிரம் தீர்ந்துபோகிற இடத்தில்தான் மறுபடி மறுபடி புதிதாகச் சமைப்பார்கள். நூறு வகை எழுதியிருக்கும் பட்டியலைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அத்தனையையும் காலையிலிருந்து யார் சமைத்து வைத்திருப்பார்கள்? இருவரும் ஒரே பதார்த்தத்தை வாங்காதீர்கள். ஆளுக்கொன்று சொல்லி நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள். அவள் தட்டிலிருந்து நீ எடுப்பாய் என்பது தெரிந்ததே. உன் தட்டிலிருந்து அவள் எடுக்கும்போதும் அதே முகத்தோடு இரு. மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு வந்து இரவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் ஒரு மணி நேரம்தான். வெயிலில் நின்ற காரின் உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்று உனக்கே தெரியும்.

வயிறார உண்டுவிட்டு உடனே ஓட்டுவது ஆபத்து. உணவு ஒரு காரணம்தான். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை உடம்பின் கடிகாரமே மந்தமாகிவிடும், சாப்பிடாதவருக்கும் கண் சொக்கும். அந்த நேரத்தில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் ஜன்னலைத் திறப்பதும் உதவாது. ஒரு காப்பி குடித்துவிட்டு, நிழலில் வண்டியை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, பதினைந்து இருபது நிமிடம் தூங்கு. காப்பி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து உதவும். மற்ற நேரத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கால் மணி நேரமாவது இறங்கி நடங்கள்.

பார்க்கிற இடங்களில் ஏதாவது ஒன்றில், நீங்கள் இருவருமே இதுவரை செய்யாத ஒன்றைச் செய்துபாருங்கள். படகு, குதிரை, மரத்தில் கட்டிய கயிற்றுப் பாலம், எதுவானாலும் சரி. கௌரவம் பார்க்காதே. ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் தம்பதிகளைக் கூப்பிட்டு, கையோடு கையும் காலோடு காலும் கட்டி, விரிப்பின்மேல் தவழவிட்டு, ஓர் உருளைத் தலையணையைக் கையால் பிடிக்காமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். 2000-இல் வெளியான ஆய்வு. இந்தக் கூத்தை ஆடியவர்கள், சாதாரண வேலை ஒன்றைக் கொடுக்கப்பட்ட தம்பதிகளைவிடத் தங்கள் மணவாழ்வில் அதிகத் திருப்தி தெரிவித்தார்களாம். படித்துவிட்டு உன் அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் வலிக்குத் தைலம் யார் தேய்ப்பது என்று கேட்டாள்.

வழி தவறும். கைப்பேசியின் வரைபடம் இருந்தாலும் தவறும். அப்போது யார் சொன்னதால் திரும்பினோம் என்ற விசாரணை வேண்டாம், அடுத்த திருப்பத்தில் திருப்பிக்கொண்டால் போதும். போன நேரத்தை வேகத்தால் பிடிக்கவும் பார்க்காதே. நூறு கிலோமீட்டரை 80-க்குப் பதில் 100-இல் போனால் மிஞ்சுவது மொத்தமே 15 நிமிடம், அதுவும் வழி முழுக்க வெறிச்சோடி இருந்தால். சக்கரங்களின் காற்றைச் சனிக்கிழமை இரவே பார்த்துக்கொள். மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து. அதை எல்லோரும் மறப்பார்கள்.

இரவு பத்து என்பதை ஏழு ஆக்கிவிடு. ஐந்து இடங்களைக் குறைத்த பிறகு அது கஷ்டமில்லை.

உன் அம்மா இதைப் படித்துவிட்டு, தானும் ஆட்டத்தில் சேர வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்காக ஒன்றை நினைத்துவைத்திருக்கிறாளாம். எனக்குக்கூடச் சொல்லவில்லை. சாப்பிட நிறுத்தும்போது கூப்பிடுங்கள். முதல் கேள்வியை மருமகள்தான் கேட்க வேண்டும், நீ கேட்டால் யானை என்பாய் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா