ஃபின்லாந்து கலர் கண்ணாடி: ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய ஃபின்லாந்து கண்ணாடிப் பொருட்களைச் சேகரிப்பது பற்றி முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழில் யாராவது இதைப் பற்றி எழுத மாட்டார்களா என்று பல வருஷமாக ஏங்கியவள் நான், அதனால் ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை சொல்கிற வழியில் ஒருவர் வாங்க ஆரம்பித்தால் காசு போகும், கண்ணாடி பிடிபடாது.

அடியில் கையெழுத்து இருக்கிறதா, ஸ்டிக்கர் இருக்கிறதா, பெரிய டிசைனர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், விலை ஏறும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் இல்லாததைத் தொடவே வேண்டாம் என்றும் ஒரு வரி. எனக்கு மனசு கேட்காமல் போனது அந்த வரியில்தான்.

1950களிலும் 60களிலும் ஃபின்லாந்தில் செய்த கலர் கண்ணாடியில் பெரும்பகுதி அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்காகச் செய்ததே கிடையாது. போரில் அடிபட்ட நாடு அது, சோவியத் யூனியனுக்குக் கொடுக்க வேண்டிய போர் நஷ்ட ஈட்டையே 1952-ல்தான் கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்துக் குடும்பத்துக்கு ஒரு டம்ளர், ஒரு கூஜா, மேஜையில் பூ வைக்க ஒரு ஜாடி வேண்டும், அது மலிவாகவும் இருக்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். அதற்காக உட்கார்ந்து யோசித்த ஆட்களில் முக்கியமானவர் காய் ஃப்ராங்க். நூட்டாயார்வி என்கிற ஊரில், 1793-ல் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலைக்காக 1958-ல் அவர் வரைந்த கார்ட்டியோ டம்ளரை நீங்களும் படம் போட்டிருந்தீர்கள். பூ இல்லை, கோடு இல்லை, கீழே குறுகி மேலே விரிகிற நேரான சுவர், அவ்வளவுதான். அலங்காரம் என்று ஒன்று வேண்டுமானால் அதற்கு நிறமே போதும் என்பது அவர் கட்சி. அந்த ஒரே வடிவத்தை நீலம், பச்சை, சாம்பல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது உடனே விளங்கிவிடும்.

இதே காய் ஃப்ராங்க்தான் 1960களில், அன்றாடம் புழங்குகிற பொருளை டிசைனர் பெயரைப் போட்டு விற்காதீர்கள் என்று வெளிப்படையாகச் சண்டை போட்டவர். ஒரு டம்ளர் ஒருத்தர் கற்பனையால் மட்டும் வருவதில்லை, உலையில் நிற்கிறவர், அச்சு செய்கிறவர், ஊதுகிறவர், விளிம்பைத் தேய்க்கிறவர் எல்லோரும் சேர்ந்துதான் அது வருகிறது என்று நினைத்த மனிதர். அவருடைய டம்ளரையே காட்டி, பெயர் இல்லாவிட்டால் வாங்காதே என்று நாம் சொல்லலாமா?

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் வேலை பார்த்தவர். அவர் கை பட்ட ரயில் பெட்டிகள் இன்றும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும், எதிலும் அவர் பெயர் இல்லை, அதனால் அவர் செய்த வேலை குறைந்தும் போகவில்லை. வட சென்னையில் பாதிக் குடும்பங்கள் இப்படி யாராவது ஒருத்தர் தொழிற்சாலைக்குப் போய்ச் சோறு போட்ட குடும்பங்கள்தான். அதனாலோ என்னவோ, ஒரு ஜாடியைக் கையில் எடுத்தால் எனக்கு முதலில் வருகிற கேள்வி இதை எப்படிச் செய்தார்கள் என்பது.

சரி, பெயர் இல்லாமல் எப்படி அடையாளம் காண்பது என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன்.

ஃபின்லாந்தின் ரீஹிமாக்கி ஊரில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ல் தொடங்கியது. 60களில் ஹெலனா டைனெல், நான்னி ஸ்டில், தமரா அலாடின் என்று மூன்று பெண்கள் அங்கே வரைந்த ஜாடிகள்தான் இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் தேடுகிற சரக்கு. மரகதப் பச்சை, ரத்தச் சிவப்பு, தேன் நிறம், கடல் நீலம். இவற்றில் பெரும்பாலானவற்றில் கையெழுத்தே கிடையாது! லின்க்ஸ் காட்டுப்பூனை படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள், வாங்கின வீட்டுக்காரம்மா முதல் தடவை கழுவும்போதே அது போயிருக்கும். நாமும் புதுப் பாத்திரம் வாங்கினால் ஸ்டிக்கரைச் சுரண்டித்தானே எடுக்கிறோம். அப்படியிருக்க ஸ்டிக்கர் இருப்பதை மட்டும் வாங்கு என்றால், யாரும் புழங்காமல் மூலையில் கிடந்ததை மட்டும் வாங்கு என்று சொன்ன மாதிரி ஆகிறது. அப்புறம் ஒட்டுகிற காகிதத்தை எவரும் இன்று அச்சடித்து ஒட்டலாம், கையெழுத்தையும் ஒரு சின்ன மெஷினால் பொறித்துவிடலாம். ஐம்பது அறுபது வருஷத் தேய்மானத்தைப் போலியாகச் செய்வது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆகவே முதலில் ஜாடியைத் திருப்பி அடியைப் பாருங்கள். தரையில் படுகிற வளையத்தில் மட்டும் பொடிப் பொடிக் கீறல்கள், குறுக்கும் நெடுக்குமாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் அது புழங்கின பொருள். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பிறகு வெளிச்சத்தில் பிடியுங்கள். ரீஹிமாக்கி ஜாடிகள் பலவற்றில் உள்ளே கலர்க் கண்ணாடி, அதன் மேல் நிறமில்லாத கண்ணாடி ஒரு போர்வையாக இருக்கும், அடிப்பக்கம் தடிமனாக இருப்பதால் அங்கே அந்த இரண்டு அடுக்கும் பிரிந்து தெரியும். நிறத்துக்கு அந்த ஆழம் வருவதே அதனால்தான். மலிவான நகலில் கலர் வெளியே பூச்சாக இருக்கும், அல்லது முழுக்க ஒரே கலர்க் கண்ணாடியாக இருக்கும்.

அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடி வேறு கதை. ஒய்வா டொய்க்கா 1964-ல் நூட்டாயார்விக்காகச் செய்த காஸ்டெஹெல்மி தட்டுகளைப் பாருங்கள், பனித்துளி கோர்த்த மாதிரி வட்ட வட்டமாக முத்துகள். அச்சு இணைகிற இடத்தில் கண்ணாடியில் கோடு விழும், அந்தக் கோட்டை மறைப்பதற்குத்தான் அந்த முத்து வரிசையே. இது தெரிந்த பிறகு அந்தத் தட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது. டிமோ சர்பனேவாவின் ஃபின்லாந்தியா ஜாடிகள் (அதுவும் 1964தான்) இன்னும் ஒரு படி மேலே: மர அச்சுக்குள் ஊதினார்கள், கொதிக்கிற கண்ணாடி பட்டு மரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கருகியது, அந்தக் கருகல்தான் ஜாடியின் மேல் மரப்பட்டை போலப் பதிந்தது. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. வரைந்தவர் பெயர் அடியில் இருக்கலாம், ஆனால் அந்த ஜாடியின் முகத்தை முடிவு செய்தது நெருப்பும் ஊதின ஆளும்தான்.

கட்டுரையில் இரண்டு தகவல் பிழைகள், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். புற ஊதா டார்ச் அடித்தால் ஒளிர்கிறதா பாருங்கள், ஒளிர்ந்தால் அசல் ஃபின்லாந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. யுரேனியம் கலந்தால் பளிச்சென்று பச்சையாக ஒளிரும், மாங்கனீஸ் இருந்தால் மங்கலாக ஒளிரும், காட்மியம் கலந்த சில மஞ்சள், ஆரஞ்சுக் கண்ணாடிகளும் ஒளிரும், அவை எந்த நாட்டில் செய்ததானாலும் சரி. கண்ணாடிக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதைத்தான் டார்ச் சொல்லும், எந்த ஊர் என்று சொல்லாது. அடுத்தது, பகலில் ஒரு நிறமும் டியூப்லைட்டில் வேறு நிறமும் காட்டினால் டூப்ளிகேட் என்பது. நியோடிமியம் கலந்த கண்ணாடிக்கு அதுதான் இயல்பே, பகல் வெளிச்சத்தில் இளம் ஊதா, டியூப்லைட்டில் நீலம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டிலும் இருக்கிற தனிமம்தான் அது, மாயம் ஒன்றும் இல்லை. நிறத்தை எப்போதும் ஜன்னல் ஓரத்தில், பகலில் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் போதும்.

எனக்கு இந்தக் கண்ணாடிகள் வருகிற வழியையும் சொல்கிறேன், ஏனென்றால் இது பணக்காரர்கள் விளையாட்டு என்ற எண்ணம் கட்டுரையைப் படித்தவர்களுக்கு வந்திருக்கும். என் அண்ணன் மகன் ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அந்த ஊரில் கிர்ப்புதோரி என்று பழைய சாமான் கடைகள் தெருவுக்குத் தெரு, நம் காயலான் கடை மாதிரி இல்லை, வீட்டில் வேண்டாதவற்றைத் துடைத்து விலை எழுதி வைத்திருப்பார்கள். அங்கிருந்து வீடியோ காலில் கூப்பிடுவான். “அத்தை, பச்சை ஜாடி ஒன்னு இருக்கு, கையெழுத்து எதுவும் இல்லை, விட்டுடவா?” “விடாதே, அடியைக் காட்டுடா, அப்புறம் விளிம்பில் விரலை ஓட்டிப் பாரு, மூளி இருக்கா சொல்லு.” ஊருக்கு வரும்போது துணிக்கு நடுவில் சுற்றி எடுத்து வருவான். பெயர் இல்லாததால் பல சமயம் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைக்குள் முடிந்துவிடும்.

வந்ததை நாங்கள் புழங்குகிறோம். கார்ட்டியோ டம்ளரில்தான் எங்கள் வீட்டில் நன்னாரி சர்பத். சூடான டீ ஊற்ற மாட்டோம், அந்தக் கண்ணாடி திடீர்ச் சூடு தாங்காது. தண்டையார்பேட்டை போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே வைத்தால் வெள்ளையாக உப்புப் படியும், எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் போய்விடும். போகாவிட்டால் அது உப்பு இல்லை, கண்ணாடியின் மேல்தோலே அரித்திருக்கிறது என்று அர்த்தம், ஜாடியில் வாரக்கணக்கில் தண்ணீரை விட்டு வைப்பதால் வருவது. வாங்கும்போதே உள்பக்கம் மங்கலாக இருக்கிற ஜாடியை, கழுவினால் போய்விடும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். பேப்பரில் சுற்றிப் பரணில் போடுவதும் நம் கடற்காற்றுக்குச் சரிப்படாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ரீஹிமாக்கியில் வாயால் ஊதிச் செய்வதை 1976-ல் நிறுத்திவிட்டார்கள், 1990-ல் தொழிற்சாலையே மூடியது. நூட்டாயார்வி 2014-ல் மூடியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை மூடியதும் அதே வருஷம்தான், அந்தச் செய்தி எங்கள் தெருவில் சில வீடுகளில் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். நூட்டாயார்வியில் உலை அணைந்த அன்று அங்கே நின்ற ஆட்களின் பெயர் எந்த ஜாடியின் அடியிலும் இருக்காது. பெயர் இல்லாத ஜாடியைத் தொடாதே என்று படித்தபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

கடைசியாக ஒரு கோரிக்கை. உங்கள் கட்டுரையின் பெரிய படத்தில் இருக்கிற, நடுவில் வளையம் வளையமாகப் புடைத்த நீல ஜாடிக்குக் கீழே தமரா அலாடின் என்று போட்டிருக்கிறீர்கள். இணையத்தில் விற்கிறவர்கள் ரீஹிமாக்கி ஜாடி எதைப் பார்த்தாலும் அந்தப் பெயரைப் போடுவது வழக்கம், விலை ஏறும் என்பதற்காக. கம்பெனியின் பழைய கேட்லாக்கில் அந்த மாடல் எண்ணையும் பெயரையும் பார்க்காமல் மூன்று பேரில் யார் வரைந்தது என்று சொல்ல முடியாது. பார்த்திருந்தால் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் ‘ரீஹிமாக்கி, 1960கள்’ என்று மட்டும் மாற்றி வரும் ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகி