உள்ளூர் இணையச் சேவை சீர்பட வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
கானாடுகாத்தான் வட்டாரம், காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம், சிவகங்கை.

பொருள்: ஊராட்சி வரை வந்துள்ள கண்ணாடி இழையை உள்ளூர்ச் சேவையாளர் வழியே வீடுகளுக்குக் கொண்டுவரவும், தெருவைத் தோண்டும்போது இழை அறுபடாமல் காக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது தினமும் மாலை 7 மணிக்கு எங்கள் வீட்டு வளவில் கரும்பலகையைச் சாத்தி வைத்து, சுற்றுவட்டாரப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இணையம் வழியே கட்டணமின்றிக் கணக்கு நடத்துகிறேன். அந்த வகுப்பு நின்றுபோன மாலைகளில்தான் இந்த மனுவை எழுதத் தோன்றியது.

சென்ற ஐப்பசியில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவோரம் பொக்லைன் வைத்துத் தோண்டினார்கள். பூமிக்குள் என்ன கிடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. இழை அறுந்தது. அப்போது எனக்கு இணைப்புக் கொடுத்திருந்தது ஒரு பெரிய நிறுவனம். கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் பதிவு செய்த குரல் பேசும். இரண்டாம் நாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. பெட்டியிலோ சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மொத்தம் 11 நாட்கள். பிள்ளைகள் நீள்வட்டத்தோடு நின்றுபோனார்கள்.

அதே பள்ளத்தில் எங்கள் ஊர்க் கேபிள் டிவிக்காரரின் இழையும் அறுந்திருந்தது. அவர் மறுநாள் விடியும்போதே வந்துவிட்டார். சேற்றில் சாக்கை விரித்து உட்கார்ந்து, முடி பருமனே உள்ள இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நுனியை நறுக்கி, கைக்கடக்கமான ஓர் இயந்திரத்துக்குள் இரு நுனிகளையும் வைத்தார். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். சிறு திரையில் இரண்டு கோடுகள் நெருங்கி வந்தன. ஒரு பொறி, ஒன்றாகிவிட்டன. ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டியது. "இது போதும் டீச்சர்" என்றார். பிறகு அவரிடமே இணைப்பு வாங்கிக்கொண்டேன்.

உள்ளூர்க்காரர் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. தை மாதத்தில் அவருடைய இணைப்பும் மாலை ஆனால் தவழ ஆரம்பித்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஜிபான் (GPON) என்ற முறைதான் இங்கு பரவலாக உள்ளது. அதில் ஓர் இழையில் வினாடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட் இறங்குகிறது. பிரிப்பான் அதை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. 64 வீடுகளும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு ஏறத்தாழ 39 மெகாபிட் வர வேண்டும். எனக்கு வந்தது 3. ஆகவே குறை தெருவிலுள்ள கண்ணாடியில் இல்லை. அவர் பெரிய நிறுவனத்திடமிருந்து மொத்தமாக வாங்கிப் பகிரும் இணையக் கொள்ளளவு போதவில்லை. இதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய் அவர் கடையில் வைத்தேன். புது இணைப்புகள் கூடிவிட்டன, கொள்முதலைக் கூட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் கூட்டினார். நேரில் போய்க் கேட்கவும், நேர்மையான பதில் பெறவும் ஓர் இடம் இருப்பதைத்தான் நான் நல்ல சேவை என்கிறேன். பிராட்பேண்டு என்றால் குறைந்தது 2 மெகாபிட் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது. அந்த அளவுகோலில் என் 3 மெகாபிட்டும் தேறிவிடும். வகுப்பு மட்டும் நடக்காது.

எங்கள் வீடுகளையும் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் பின்வாசல். நடுவே பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. அந்தச் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது. கைப்பேசி அலையும் முகப்புத் திண்ணையோடு சரி. வாசலில் பெட்டியை மாட்டிவிட்டு 'இணைப்புக் கொடுத்தாயிற்று' என்று கிளம்புகிறவருக்கு இந்த ஊர் தெரியாது. எங்கள் சேவையாளர் இரண்டாங்கட்டு வரை கம்பி இழுத்து இன்னொரு பெட்டி வைத்தார், ஒரு தேக்குத் தூணிலும் ஆணி அடிக்காமல்.

எதிர்வீட்டு ஆச்சி அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரிலிருந்து கேமரா வழியே தாயைப் பார்த்துக்கொள்கிறார். இணைப்பு அறுந்த இரவுகளில் எனக்குத்தான் அழைப்பு வரும்: "டீச்சர், அம்மா எழுந்து நடமாடுகிறார்களா, கொஞ்சம் பாருங்கள்." நான் டார்ச் விளக்கோடு போய்க் கதவைத் தட்டுவேன். இப்படி மூத்தவர் ஒருவர் மட்டும் காவல் இருக்கும் வீடுகள் செட்டிநாட்டில் எத்தனை என்பது தாங்கள் அறியாததன்று.

2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைப்பதற்கானது. தமிழ்நாட்டில் அப்பணி மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வர வேண்டுமானால், தெருவும் ஆட்களும் தெரிந்த ஒருவர் வேண்டும். உரிமம் பெற்ற உள்ளூர்ச் சேவையாளர்களையும் உரிய அலுவலர்களையும் காரைக்குடியில் ஒரே மேசையில் அமர்த்தி, நியாயமான வாடகையில் அந்த இழையைப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டுகிறேன். அதற்கு ஈடாக அவர்களிடம் கண்டிப்பான நிபந்தனைகளும் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் 'சரியாகிவிட்டது' என்று சொல்லும்வரை புகாரை மூடக் கூடாது. மாலை 7 முதல் 10 வரை கிடைக்கும் வேகத்தைக் கடை வாசலில் எழுதிவைக்க வேண்டும். காரைக்குடிப் பக்கமிருந்து ஒரு வழி வந்தால், திருமயம் பக்கமிருந்து இன்னொரு வழியும் வர வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். கண்ணாடி இழைக்கும் பிரிப்பானுக்கும் மின்சாரம் தேவையில்லை. சேவையாளர் கடையில் நல்ல பேட்டரி இருந்தால், மின்வெட்டிலும் எங்கள் வீட்டுப் பெட்டியைச் சிறு பேட்டரியில் ஓட்டிக்கொள்வோம்.

அடுத்தது தோண்டுதல். தோண்டுகிறவர் முன்கூட்டியே தெரிவிப்பதற்காக 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. நம் மாவட்டத்தில் சாலை, குடிநீர், மின்வாரியப் பணி எதுவானாலும், அதில் பதிவு செய்த பிறகே பொக்லைன் இறங்க வேண்டும் என்று ஒப்பந்ததாரர்களின் பணி ஆணையிலேயே சேர்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். குடிநீர்க் குழாய் எங்களுக்கு வேண்டும், அதற்கு நன்றியும் உண்டு. முதல் நாள் ஒரு தகவல் வந்திருந்தால் அந்த 11 நாட்கள் வீணாகியிருக்காது.

கம்பம் நடவும் மின்கம்பத்தில் இழை கட்டவும் சிறு சேவையாளர்கள் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு, 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வழியுரிமை விதிகளின்படி, கெடுவுக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் கிடைக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இணைப்பு அறுந்த நாட்களையும் நேரத்தையும் குறித்துவைத்த என் நோட்டுப் புத்தகத்தின் நகலை இத்துடன் வைத்துள்ளேன். தங்கள் அலுவலர் ஒருவரை நேரில் அனுப்பினால் மாலை 7 மணிக்கு வரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில்தான் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளும் அப்போது வகுப்பில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை மற்றும் கையொப்பமிட்ட ஊர்ப் பொதுமக்கள்.

இணைப்பு: நோட்டுப் புத்தக நகல், கையொப்பப் படிவம்.