உறுதி கேட்காமல் சந்தாவில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு அமைப்புகள் சிலவற்றுக்கு மின்னஞ்சல் செய்திமடல் அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இணையதளத்தின் அடியில் 'உங்கள் மின்னஞ்சலைத் தாருங்கள்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை ஆட்கள் மட்டும் நிரப்புவதில்லை. தளம் தளமாகப் போய்ப் படிவங்களை நிரப்பும் தானியங்கி நிரல்களும், அதாவது பாட்களும், நிரப்புகின்றன.

"சேர்ந்தால் சேரட்டுமே, சந்தாதாரர் எண்ணிக்கை கூடத்தானே செய்கிறது" என்று நிர்வாகிகள் சிலர் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பாட் கொடுக்கும் முகவரிகளில் பலவும் பொய் முகவரிகள் அல்ல. எங்கோ இருக்கும் ஒருவர் தினமும் திறந்து பார்க்கும் முகவரிகள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு இது நேர்ந்தது. காலையில் மெயிலைத் திறந்தால், கேள்விப்படாத தளங்களிலிருந்து, படிக்கவே தெரியாத மொழிகளில், 'எங்களோடு இணைந்ததற்கு நன்றி' என்று வரிசையாக வந்து குவிந்திருந்தன. அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தன. அந்தக் குவியலுக்குள் ஒரே ஒரு மெயில் மட்டும் வேறு மாதிரி: அவர் வாங்காத பொருளுக்கு, அவருடைய கணக்கிலிருந்து போன ஆர்டருக்கான ரசீது. அதை அவர் பார்த்தபோது மாலையாகிவிட்டது. திருடனுக்கு வேண்டியதும் அந்தச் சில மணி நேரம்தான். ஒரு மெயிலை மறைக்க ஊரார் படிவங்களையெல்லாம் பயன்படுத்திக்கொண்டான். படிவம் வைத்திருந்த ஒவ்வொருவரும் தெரியாமலேயே அவனுக்கு உதவியிருக்கிறோம்.

இது புதிதும் அல்ல. 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முகவரிகள் பலவற்றைக் குறிவைத்து இதே தாக்குதல் பெரிய அளவில் நடந்தது. 'சேர விரும்பியது நீங்கள்தானா' என்று முகவரிக்கு உரியவரிடம் உறுதி கேட்காமல் சந்தா சேர்த்த தளங்களே அதற்கு வழியாக அமைந்தன. ஸ்பேம் மெயில்களைக் கண்காணிக்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பு, அந்த மெயில்களை அனுப்பிய சேவைகள் சிலவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு நடந்தும், இன்றும் முகவரியைக் கொடுத்ததுமே மடல் அனுப்பத் தொடங்கும் படிவங்கள் இருக்கின்றன.

இன்னொரு தந்திரம் பலருக்குத் தெரியாது. 'பெயர்' என்ற கட்டத்தில் பாட் பெயரை எழுதுவதில்லை. 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே பெற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரியும் ஒரு லிங்க்கும் போடுகிறது. நம் சர்வர் அதைப் பெயர் என்று நம்பி, 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் அப்படியே ஒட்டி, நம் அமைப்பின் முகவரியிலிருந்தே முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பிவிடுகிறது. மோசடிக்காரனின் சொந்த மெயில் ஸ்பேம் பெட்டிக்குப் போயிருக்கும். நம் பெயரில் போனதால் இன்பாக்ஸுக்கே போய்ச் சேருகிறது.

சரி, என்ன செய்வது? முதலில், முகவரி வந்ததும் ஒரே ஓர் உறுதி மெயில். அதிலுள்ள லிங்க்கைத் திறந்து, அந்தப் பக்கத்தில் பட்டனை அழுத்தினால்தான் சந்தா. பட்டன் ஏன் என்றால், பல அலுவலகங்களில் மெயிலில் வரும் லிங்க்குகளைப் பாதுகாப்பு மென்பொருளே திறந்து சோதிக்கிறது. லிங்க்கைத் திறந்தாலே போதும் என்று வைத்தால் ஆள் பார்க்காமலேயே சந்தா உறுதியாகிவிடும். பதில் வராவிட்டால் நினைவூட்டல் எதுவும் வேண்டாம். அந்த மெயிலில் பெயரும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம்.

ஆனால் இது மட்டும் போதாது. ஆயிரம் தளங்கள் ஆளுக்கு ஓர் உறுதி மெயில் அனுப்பினால் அதுவே வெள்ளம்தான். பாட்டைப் படிவத்திலேயே நிறுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைக்கலாம்; ஆட்கள் அதை நிரப்ப மாட்டார்கள், பாட் நிரப்பிவிடும், நிரப்பியதை ஒதுக்கிவிடலாம். பக்கம் திறந்து ஓரிரு நொடிக்குள் அனுப்பப்படும் படிவத்தையும், ஒரே இடத்திலிருந்து சரமாரியாக வரும் பதிவுகளையும் நிறுத்திவைக்கலாம். பெயர்க் கட்டத்தில் இணைய முகவரி இருந்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம்.

நிரப்புவது ஆளா பாட்டா என்று சோதிக்கும் கேப்ச்சா படப் புதிரை எடுத்த எடுப்பில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பார்வையற்றோருக்கு அது பெரிய தடை என்று வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2005லேயே எழுதிவிட்டது. மறைகட்டம் வைக்கும்போதும், திரையில் உள்ளதை அவர்களுக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைப் படிக்காதபடி செய்ய வேண்டும். இல்லையென்றால் பார்வையற்ற வாசகர் அதை நிரப்பிவிட்டு, ஏன் மடல் வரவில்லை என்று தெரியாமல் இருப்பார்.

இதற்கெல்லாம் செலவு அதிகமில்லை. செய்யாவிட்டால் நஷ்டம் நமக்கும் உண்டு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு மொத்தமாக மெயில் அனுப்புவோரின் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது. கேட்காதவர்களுக்கு அனுப்பினால் அவர்கள் 'ஸ்பேம்' பட்டனைத்தான் அழுத்துவார்கள்; அப்புறம் கேட்டு வாங்கியவர்களுக்கும் நம் மடல் போய்ச் சேராது.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதை விரிவாக எழுதினால், செய்திமடல் அனுப்பும் பள்ளிகள், சங்கங்கள், கடைகள் எல்லாம் கவனிப்பார்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: திடீரென்று நன்றி மெயில்கள் குவிந்தால் ஒவ்வொன்றாக அழிக்க உட்காராதீர்கள். வங்கி, ஆர்டர், பாஸ்வேர்டு என்று முதலில் தேடுங்கள். சந்தேகமாக ஏதாவது கிடைத்தால் உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மற்ற மெயில்களை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செய்திமடல் பொறுப்பில் இருக்கும் ஒரு வாசகி