செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு லண்டன் ஹாரோவில் நம் வட்டம் கூடியதெல்லாம் பெரும்பாலும் பிபிசி ஒன்னின் 'தி அப்ரெண்டிஸ்' 19ஆவது தொடருக்காகத்தான். தொழிலதிபர் ஆலன் சுகர் வாராவாரம் வியாபாரப் போட்டி வைத்து, ஆட்களைக் கழித்து, கடைசியில் ஒருவருக்குப் பரிசு கொடுக்கும் நிகழ்ச்சி அது. ஜனவரி 30 முதல் ஏப்ரல் 17 வரை வியாழன் இரவுகள் அதற்கே போயின. இறுதிப் போட்டி பெரிய வியாழன் அன்று வந்ததால் கத்தோலிக்க அங்கத்தவர்கள் பூசைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்காகத் திங்கட்கிழமை மறுபடியும் போட்டோம். அதுவரை முடிவை யாரும் வெளியே விடக் கூடாது என்ற செயற்குழுத் தீர்மானம் அன்றிரவே வாட்ஸ்அப்பில் காற்றில் பறந்தது. யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அவர் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார்.

வழக்கம்போல் பெரிய வாக்குவாதம் 2011இல் பரிசு மாறியதைப் பற்றியது. 2005இல் தொடங்கியபோது பரிசு ஆலன் சுகரிடம் வேலை, ஆண்டுக்கு 1,00,000 பவுண்ட் சம்பளம். 2011 முதல் வென்றவரின் வியாபாரத்தில் 2,50,000 பவுண்ட் முதலீடு, அதில் பாதிப் பங்கு சுகருக்கு. மாற்றிய முதல் ஆண்டிலேயே வென்ற டாம் பெல்லரோ 11 போட்டிகளில் 8இல் தோற்ற அணியில் இருந்தவர். அவர் கண்டுபிடித்த வளைந்த நக அரம்தான் அவரைக் காப்பாற்றியது. "அப்படியென்றால் வாராவாரம் சந்தையில் கூவி விற்க வைப்பது எதற்கு?" என்று கணக்காளர் அக்கா கேட்டதற்கு இதுவரை யாரும் உருப்படியான பதில் சொல்லவில்லை. என் கட்சியும் அக்காவின் கட்சிதான். வேலைக்கு ஆள் எடுப்பதென்றால் விற்பனைத் திறமையைப் பார்ப்பது சரி. முதலீடு என்றால் வியாபாரத் திட்டத்தை முதல் வாரமே மேசையில் வைக்க வேண்டும். அதைக் கடைசிக்கு முதல் வாரம் நேர்காணலில் சுகரின் ஆளான கிளாட் லிட்னர் கிழித்துப் போடும்வரை நமக்குக் காட்டுவதே இல்லை.

கடைக்கார அண்ணை இதற்கு உடன்படவில்லை. அவர் கையில் எடுத்தது 2009 தொடரில் ஓர் அணி சவர்க்காரம் செய்து விற்ற போட்டி. தேவதாரு எண்ணெய் என்று நினைத்துச் சந்தன எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். சில பவுண்டில் முடிய வேண்டிய வாசனைச் செலவு 700 பவுண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சந்தனம் விலை நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரியும்! அணித் தலைவி நீக்கப்பட்டு வீட்டுக்குப் போனார். அதே அணியில் இருந்த யாஸ்மினா சியாதத்தன் அந்தத் தொடரையே வென்றார். "கொள்முதல் விலை தெரியாதவன் திட்டம் எழுதி என்ன பிரயோசனம்? அதைக் கண்டுபிடிக்கத்தான் போட்டி" என்றார் அண்ணை. அப்படியானால் யாஸ்மினா வென்றது எப்படி என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். அப்புறம் தேநீர் வந்துவிட்டது.

இவ்வாண்டு இறுதியில் அனிசா கானின் பம்பாய் பீட்சாவும் டீன் ஃபிராங்க்ளினின் குளிர்சாதன வியாபாரமும் மோதின. மண்டபத்தில் பாதிக்கு மேல் பீட்சா பக்கம். டீன் வென்றதும், சுகர் சாப்பாட்டு வியாபாரத்துக்குக் காசு தரமாட்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். அது நியாயமில்லை. 2016இல் அலானா ஸ்பென்சரின் கேக்குக்கும், 2019இல் கரினா லெப்போரின் பேக்கரிக்கும், 2022இல் ஹர்ப்ரீத் கவுரின் இனிப்புக் கடைக்கும் கொடுத்தவர் அவர்தான். கடை வாடகையையும் ஆள் கூலியையும் நினைத்தால் நானும் டீனுக்குத்தான் கொடுத்திருப்பேன். இதைச் சொன்னதற்காக என் பங்கு வடை அன்று எனக்கு வந்து சேரவில்லை.

நிர்வாக விஷயங்கள் சில. புதிய திரை வாங்கும் யோசனை ஒத்திவைக்கப்பட்டது. பழையதில் இடது மூலையில் கோடு விழுகிறது, ஆனால் சுகரின் ஆலோசகர் கேரன் பிராடி உட்காருவது அந்தப் பக்கம் இல்லை என்பதால் பெரும்பான்மையினர் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இரவு பத்தரைக்குள் மண்டபத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். விவாதத்தைக் கார் தரிப்பிடத்தில் தொடர்வதைப் பற்றி அயலவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். இனிமேல் சத்தம் குறைத்துப் பேசவும்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே செலுத்தவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்