கண்ணாடியில் கோளாறு இல்லை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது, திட்டாதே. லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன், பேரன் இரவில் தூங்குவதில்லை, அதனால் யாருமே தூங்குவதில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாயா இல்லையா என்று எழுதவே இல்லையே நீ.

போன ஞாயிறு மகள் என்னை டேட் கேலரிக்கு அழைத்துப் போனாள். ஊரிலிருந்து கிளம்பும்போதுதான் புதுக் கண்ணாடி வாங்கினேன், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ், இன்னும் பழகவில்லை. அங்கே ஒரு படத்தின் முன்னால் போய் நின்றதும் சுவரே அலையடிக்கிறது! கடைக்காரன் பவரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்ணும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போன பிறகுதான் நிம்மதி.

படம் பிரிட்ஜெட் ரைலி என்ற ஆங்கிலேயப் பெண் ஓவியர் 1963ல் வரைந்த 'ஃபால்'. 141 செ.மீ.க்கு 140 செ.மீ., கறுப்பும் வெள்ளையும் மட்டும். ஒரே வளைகோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார், மேலே நிதானமாக வளைகிறது, கீழே வரவர நெளிவுகள் நெருங்கி மடிகின்றன. ஒரு கோட்டை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று பார்த்தேன், பாதியில் எப்போது பக்கத்துக் கோட்டுக்குத் தாவினேன் என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் வெளிறிய மஞ்சள், ரோஸ் எல்லாம் வந்து போகிறது, அங்கே அந்த நிறத்தில் ஒரு சொட்டுப் பெயிண்ட் கிடையாது.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றினேன். எனக்கு மைனஸ் நாலு, தெரியுமே உனக்கு. கீழ்ப்பாதி சாம்பலாகக் குழைந்து, ஆட்டம் நின்றுவிட்டது. கண்ணாடி சரியாக இருப்பதால்தான் ஆடியிருக்கிறது! ஒரே புள்ளியைப் பார்க்கிறோம் என்று நாம் நினைத்தாலும் கண் ஒரு நொடி சும்மா இருக்காது, துளித்துளியாக நகர்ந்துகொண்டே இருக்கும். சாதாரணப் படத்தில் அது தெரியாது, இப்படி நெருக்கமாகக் கோடு போட்டால் ஒவ்வொரு நகர்வும் வெள்ளையைக் கறுப்பாக்கிவிடுகிறது. தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தேன், அப்படியேதான் ஆடியது.

1965ல் நியூயார்க்கில் இந்த மாதிரிப் படங்களுக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தபோது, ரைலியின் படம் ஒன்றை வாங்கியவரே அதைத் துணியில் அச்சடித்து உடை தைத்துவிட்டாராம், ரைலிக்குச் சரியான கோபம். நியாயம்தான். துணியில் நிஜ மடிப்பு விழுந்துவிட்டால் வரைந்த மடிப்புக்கு என்ன வேலை?

டிராயிங் ஷீட்டில் நம் செட்டிலேயே சுத்தமாகக் கோடு போட்டவன் நீதான், அதனால் இதைச் செய்து பார். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போடு, உயரத்தைத் தொடாதே, அகலத்தை மட்டும் ஒவ்வொரு பத்தியிலும் குறைத்துக்கொண்டே போய், நடுவுக்குச் சற்று வலப்புறம் தாண்டியதும் மறுபடி கூட்டு. 1961ல் ரைலி ஒரு படத்தில் செய்தது இதுதான். பலகை உள்ளே மடங்கிப் போகும், ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தட்டை.

தங்கச்சிக்கு மட்டும் காட்டாதே, ஒற்றைத் தலைவலி கிளம்பினால் என்னைத்தான் திட்டும்.

அன்புடன்,
மணி