பதிவு முதல் வாய்மொழித் தேர்வு வரை

அன்புள்ள கயல்விழிக்கு,

வங்கி வேலையை விடாமல் மேலாண்மைத் துறையில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டதாக நீ எழுதியிருந்ததை, உன் அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இந்தப் படிப்பு எப்படி நகரும் என்று கேட்டிருந்தாய். அதே வழியில் போய்த் தடுக்கி விழுந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி உனக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகம் போனால் 6 ஆண்டுகள் உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகளும், பெண் என்பதால் அதற்கு மேல் 2 ஆண்டுகளும் கிடைக்கும். முதலில் வரும் பாடநெறித் தேர்வுகளில் 55 சதவீதம் எடுக்க வேண்டும். அது உனக்குச் சிரமமாக இராது.

சிரமம் தலைப்பில்தான் இருக்கிறது. 'சிறுதொழில்களின் நிதிச் சிக்கல்கள்' என்று நீ அனுப்பியது தலைப்பு அல்ல, கடல். திருப்பூரில் ஜாப் வொர்க், அதாவது பெரிய நிறுவனங்களுக்காகக் கூலிக்கு வேலை, செய்யும் பட்டறைகளுக்குப் பணம் தாமதமாக வருவதைப் பற்றிப் போனில் சொன்னாயே, அதில்தான் ஆய்வு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியிருந்தும் எந்தப் பட்டறைக்காரர் புகார் கொடுக்கிறார், எவர் அடுத்த ஆர்டரை நினைத்துப் பேசாமல் இருக்கிறார் என்று கேட்டால், அது களத்தில் போய் விடை தேடக்கூடிய கேள்வி.

கேள்வி முடிவாகும் முன் வினாப்பட்டியலை அச்சடித்துவிடாதே. நான் அதைத்தான் செய்தேன். ஊழியர் மனநிறைவு பற்றி ஐந்து புள்ளி அளவுகோலில் ('முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை) நாற்பது வினாக்கள் எழுதி, பஸ் ஏறி ஏறி நானூறுக்கும் மேற்பட்ட படிவங்களை நிரப்பி வாங்கி வந்த பிறகு, 'இதை வைத்து எதை நிரூபிக்கப் போகிறீர்கள்?' என்று என் ஆய்வை மதிப்பிடும் ஆய்வுக் குழுவில் ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஓராண்டு உழைப்பு அந்தப் படிவக் கட்டுகளோடு பரணுக்குப் போயிற்று. (சில வருடம் அவற்றின் பின்பக்கத்தில்தான் நீ கணக்குப் போட்டுப் பழகினாய்.) ஆகவே முன்னோட்டமாக முப்பது பேரிடம் மட்டும் கேட்டு, வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா என்ற அளவு 0.7க்குக் குறைகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பின் பெரிய கணக்கெடுப்புக்குப் போ. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் எந்தத் தரவைக் கொடுத்தாலும் அட்டவணை போட்டுத் தரும். கேள்வியை மட்டும் அது தராது.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வுக் குழுவின் முன் நின்று வேலை எவ்வளவு நகர்ந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். 2016 விதிகளில் கட்டாயமாக இருந்த ஆய்விதழ்க் கட்டுரையை 2022 விதிகள் நீக்கிவிட்டாலும், உன் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்களின் பக்கம் மட்டும் போகாதே.

ஆய்வேட்டை எழுதி முடித்ததும் ஆய்வுச் சுருக்கம் கொடுத்து, குழுவின் ஒப்புதல் பெற்று, கருத்துத் திருட்டுச் சோதனையில் பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு சமர்ப்பிப்பாய். வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்களாவது படிப்பார்கள். ஆறு மாதத்துக்குள் வாய்மொழித் தேர்வு வரை முடிய வேண்டும் என்பது விதி. எனக்கு அந்தக் காத்திருப்பே ஒன்றரை வருடம் நீண்டது. கடைசியில் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

தீபாவளிக்கு வரும்போது உன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி எடுத்து வா. என் பழைய மாணவர் ஒருவர் திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்துகிறார். பண்டிகை முடிந்த மறுநாள் அவரிடம் அழைத்துப் போகிறேன். படிவம் எதுவும் எடுத்து வர வேண்டாம்.

அன்புடன்,
அப்பா